சேஃப் மோடில் கணினியைத் தொடங்குவது: உள்ளே போகும் வழியும் திரும்பி வரும் வழியும்

விண்டோஸ் கணினி திறந்த சில நிமிடங்களில் உறைந்துவிடுகிறதா? பிழைத் திரையைக் காட்டிவிட்டு மறுபடி மறுபடி தொடங்குகிறதா? புதிதாக எதையோ நிறுவிய நாளிலிருந்து ஊர்ந்துகொண்டிருக்கிறதா? அப்படியானால் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் சேஃப் மோட். அந்த நிலையில் விண்டோஸ் தனக்கு இன்றியமையாத டிரைவர்களையும் (சாதனங்களை இயக்கும் மென்பொருள்கள்) சேவைகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு எழும். நாம் பின்னர் ஏற்றியவை பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிடும். கோளாறு விண்டோஸிலா, அதன்மேல் நாம் ஏற்றியதிலா என்பது அங்கே தெரிந்துவிடும்.

மலையகத்தில் ஒரு சிறிய கணினி வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். உள்ளே போகத் தெரியாமல் தடுமாறியவர்களைவிட, உள்ளே போய்விட்டு வெளியே வரத் தெரியாமல் கலங்கி நின்றவர்களே அதிகம். அதனால்தான் போகும் வழிக்கு முன்பாகவே முன்னேற்பாட்டை வைத்திருக்கிறேன். அதைத் தாண்டிக் குதித்து மூன்றாம் பகுதிக்குப் போய்விடாதீர்கள்.

இங்கே சொல்பவை விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொருந்தும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஆனாலும் அதில் சேஃப் மோடுக்குப் போகும் வழி மாறவில்லை.

1. இது சேஃப் மோட் தீர்க்கக்கூடிய கோளாறா?

பவர் பொத்தானை அழுத்தியும் திரையில் ஒன்றுமே வரவில்லை, விசிறி மட்டும் சுற்றுகிறது, அல்லது பீப் ஒலி விட்டுவிட்டுக் கேட்கிறது என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்கு உதவாது. அது ரேம், மின் இணைப்பு போன்ற வன்பொருள் பக்கத்துக் கோளாறு. விண்டோஸ் எழத் தொடங்கிய பிறகுதான் சேஃப் மோட் என்ற பேச்சுக்கே இடம் உண்டு.

தயாரிப்பாளரின் சின்னமும் அதன் கீழே சுழலும் புள்ளிகளும் வருகின்றனவா? வந்தால் மேலே போகலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா பக்கம் கொட்டித் தீர்க்கும் நாட்களில் மின்சாரம் பத்து நிமிடத்துக்குள் மூன்று தடவை போய் வருவதுண்டு. யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினி ஒவ்வொரு முறையும் பாதியில் அணைந்து, கடைசியில் 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்ற நீலத் திரையில் வந்து நிற்கும். அதைக் கண்டு வைரஸ் என்று பயந்து, வன்தட்டை அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அது கோளாறே அல்ல. விண்டோஸ் இரண்டு முறை தொடர்ந்து எழ முடியாமல் போனால், மீட்புத் திரையைத் தானாகவே காட்டும்படி அமைத்திருக்கிறார்கள். அந்தத் திரையில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதை அழுத்தி, 'கன்டினியூ' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வழமைபோல் திறந்தால் சேஃப் மோடே தேவையில்லை.

2. உள்ளே போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

*கடவுச்சொல்.* பலர் நான்கு இலக்கப் பின் எண்ணாலோ விரல் ரேகையாலோதான் தினமும் கணினியைத் திறக்கிறார்கள். சேஃப் மோடில் இவை இரண்டும் வேலை செய்யாமல் போகலாம். அப்போது கேட்கப்படுவது கணக்கின் முழுக் கடவுச்சொல். மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு அது மின்னஞ்சலோடு சேர்ந்த கடவுச்சொல். கணினி வாங்கிய அன்று ஒரு தடவை தட்டியதோடு சரி, பிறகு நினைவில் இருக்காது.

ஆகவே இப்போதே சோதியுங்கள். விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டுங்கள். பின் எண் கேட்கும் இடத்தின் கீழே 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' என்று இருக்கும். அதில் சாவிக் குறியைத் தேர்ந்தெடுத்து, கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே போய்ப் பாருங்கள். போக முடிந்தால் ஒரு பெரிய கவலை தீர்ந்தது.

சாவிக் குறியே தெரியவில்லை என்றால் செட்டிங்ஸில் 'அக்கவுன்ட்ஸ்', அதற்குள் 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்குகளுக்கு விண்டோஸ் ஹலோ (பின் எண், விரல் ரேகை, முகம்) உள்நுழைவை மட்டுமே அனுமதிக்கும் ஒரு சுவிட்ச் அங்கே இருக்கும். அதை அணைத்தால் கடவுச்சொல் வழி மறுபடி தெரியும்.

தமிழ் விசைப்பலகை சேர்த்து வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உள்நுழைவுத் திரையின் வலது கீழ் மூலையில் எந்த மொழி இருக்கிறது என்று பாருங்கள். தமிழ் இருந்தால், சரியான கடவுச்சொல்லைத் தட்டினாலும் தவறு என்றே சொல்லும். விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுத் தட்டுங்கள். ஆசிரியை ஒருவர் இந்த ஒரு காரணத்தாலேயே தம் கடவுச்சொல்லை மூன்று முறை மாற்றிவிட்டு என்னிடம் வந்தார்.

*பிட்லாக்கர் மீட்புச் சாவி.* புதிய மடிக்கணினிகளில் வன்தட்டு பெரும்பாலும் நமக்குத் தெரியாமலே பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியால் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட கணினியைச் சேஃப் மோடுக்குக் கொண்டுபோகும்போது 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

உங்கள் கணினியில் குறியாக்கம் இருக்கிறதா என்று பார்க்க, விண்டோஸ் 11 செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று போங்கள். விண்டோஸ் 10இல் 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குள் அது இருக்கும். 'ஆன்' என்று இருந்தால் சாவியைத் தேடி எடுக்க வேண்டும். கைபேசியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்துக்குள் நுழைந்து, சாதனங்களின் பட்டியலில் உங்கள் கணினியைத் தேர்ந்தெடுத்தால் மீட்புச் சாவி இருக்கும் இடம் தெரியும். ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகள் இருந்தால், சாவியின் அடையாளக் குறியீட்டைக் கணினித் திரை காட்டும் குறியீட்டோடு ஒப்பிட்டுச் சரியானதை எடுக்க வேண்டும்.

சாவியைத் தாளில் எழுதுங்கள். கணினிக்குள்ளேயே ஒரு கோப்பில் சேமித்து வைப்பது, வீட்டைப் பூட்டிவிட்டுத் திறப்பை உள்ளே விட்டு வருவதற்குச் சமம். எழுதிய பின் இன்னொருவரை வாசிக்கச் சொல்லி ஒருமுறை சரிபாருங்கள்.

இதில் எனக்கு மனவருத்தம் தந்த ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். உயர்தர மாணவி ஒருத்தியின் மடிக்கணினிக்கு மீட்புச் சாவி தேவைப்பட்டது. அவளுடைய மின்னஞ்சலில் தேடினோம். இல்லை. கணினியை விற்ற இடத்தில், வேலையைச் சுருக்கமாக முடிப்பதற்காகத் தங்கள் மின்னஞ்சலையே போட்டுக் கணக்கைத் திறந்திருந்தார்கள். சாவி போயிருந்தது அந்தக் கணக்குக்கு. அதைப் பெற்றுக்கொள்ள அவளுடைய தந்தை இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் பஸ் ஏறி அலைந்தார். புதுக் கணினி வாங்கும்போது கணக்கை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். இது உங்கள் உரிமை. கேட்கத் தயங்க வேண்டாம்.

*மின்சாரம்.* மடிக்கணினி என்றால் பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும், சார்ஜரும் இணைந்திருக்கட்டும். மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் வேண்டும். சேஃப் மோடுக்குள் போகும் நேரத்தில் மின்சாரம் போனால் பெரிய பாதிப்பு இல்லை. உள்ளே கோப்புகளைத் திருத்தும் வேலை நடக்கும்போது போனால்தான் ஆபத்து. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இங்கே பிற்பகலில் இடி மின்னல் வரும். அந்தக் காலத்தில் இந்த வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

*வயர் உள்ள விசைப்பலகை.* புளூடூத் விசைப்பலகை மீட்புத் திரையில் இயங்கும் என்று நம்ப முடியாது. யூஎஸ்பி வயரில் வரும் சாதாரண விசைப்பலகை ஒன்றை அருகில் வைத்திருங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. விண்டோஸ் 11க்கு 2025 ஒக்டோபரில் வந்த புதுப்பிப்பு ஒன்றால், மீட்புத் திரையில் யூஎஸ்பி விசைப்பலகையும் மௌஸும் இயங்காமல் போயின. சில நாட்களிலேயே அதற்கான திருத்தம் வந்துவிட்டது. விண்டோஸுக்குள் நன்றாக இயங்கும் விசைப்பலகை மீட்புத் திரையில் மட்டும் அசையவில்லை என்றால், விசைப்பலகையைக் குறைசொல்லும் முன் புதுப்பிப்புகளை முழுமையாகப் போட்டுப் பாருங்கள்.

3. விண்டோஸ் திறக்கும் நிலையில் இருந்தால்: ஷிஃப்ட் வழி

எல்லா வழிகளிலும் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதுதான். காரணம், இது ஒரே ஒரு தடவைக்கான வழி. அடுத்த முறை கணினி தானாகவே வழமைக்குத் திரும்பிவிடும். நாம் எதையும் நினைவில் வைத்து நீக்க வேண்டியதில்லை.

திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்து மூடுங்கள். ஸ்டார்ட் பட்டியலில் பவர் குறியை அழுத்துங்கள். விசைப்பலகையில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே 'ரீஸ்டார்ட்' என்பதை அழுத்துங்கள். நீலத் திரை வரும்வரை ஷிஃப்டிலிருந்து விரலை எடுக்க வேண்டாம். சீக்கிரம் எடுத்துவிட்டால் சாதாரணமாக மறுதொடக்கம் ஆகிவிடும். புதியவர்கள் பத்துப் பேரில் பாதிப் பேர் முதல் முயற்சியில் இங்கேதான் தவறுகிறார்கள்.

கடவுச்சொல் கேட்கும் திரையிலும் வலது கீழ் மூலையில் இதே பவர் குறி இருக்கிறது. உள்ளே நுழையாமலே அங்கிருந்தும் இதைச் செய்யலாம். எட்டாம் பகுதியில் இது கைகொடுக்கும். மறந்துவிடாதீர்கள்.

ஷிஃப்ட் விசை பழுதாக இருந்தால் செட்டிங்ஸ் வழியாகப் போங்கள். விண்டோஸ் 11இல் 'சிஸ்டம்', அதற்குள் 'ரிகவரி'. விண்டோஸ் 10இல் 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'ரிகவரி'. அங்கே 'அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப்' என்பதற்கு எதிரே உள்ள 'ரீஸ்டார்ட் நவ்' பொத்தானும் அதே நீலத் திரைக்குத்தான் கொண்டுபோகும்.

நீலத் திரையில் வரிசை இப்படி: 'டிரபிள்ஷூட்', பிறகு 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', பிறகு 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்', பிறகு 'ரீஸ்டார்ட்'. 'டிரபிள்ஷூட்' திரையில் 'ரீசெட் திஸ் பிசி' என்ற ஒன்றும் கண்ணில் படும். அதைத் தொட வேண்டாம். நாம் தேடுவது அது அல்ல. அது விண்டோஸையே மறுபடி நிறுவும் வேலை.

'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' முதலில் தெரியாவிட்டால், கீழே 'சீ மோர் ரிகவரி ஆப்ஷன்ஸ்' என்றிருக்கும். அதை அழுத்தினால் வரும். பிட்லாக்கர் சாவி கேட்கப்படுவதும் இந்தக் கட்டத்தில்தான். தாளை எடுத்து 48 இலக்கங்களையும் நிதானமாகத் தட்டுங்கள்.

4. ஒன்பது வரிகளில் எதைத் தேர்வது

கணினி மறுதொடக்கம் ஆகி, எண்களிட்ட ஒன்பது தேர்வுகளைக் காட்டும். இங்கே மௌஸ் வேலை செய்யாது. எண்ணை அழுத்தித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நமக்கு வேண்டியவை 4, 5, 6 மட்டும். நான்கு என்பது சாதாரண சேஃப் மோட். ஐந்து, இணைய வசதியுடன் கூடிய சேஃப் மோட். ஆறு, கட்டளைச் சாளரம் மட்டுமே வரும் சேஃப் மோட்.

புதியவர்களுக்கு என் பதில் எப்போதும் நான்கு. முதலில் நான்கில் போய், கணினி அமைதியாக நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கிறது, ஆனால் டிரைவர் எதையாவது பதிவிறக்க வேண்டும் என்றால் மட்டும் ஐந்துக்கு வாருங்கள். ஐந்தைப் பின்னுக்குத் தள்ளுவதற்குக் காரணம் இருக்கிறது. சேஃப் மோடில் வைரஸ் தடுப்பு மென்பொருள் வழமைபோல் காவல் நிற்பதில்லை. அந்த நிலையில் இணையத்தில் உலாவுவது, காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வாசலைத் திறந்து வைப்பது போன்றது. ஐந்தில் போனாலும் வைஃபை எல்லாக் கணினியிலும் கிடைப்பதில்லை. ரூட்டரிலிருந்து நேரே இழுத்த வயர்தான் அதிக நம்பிக்கைக்குரியது.

ஆறைத் தெரியாமல் அழுத்தி, கறுப்புச் சாளரத்தைக் கண்டு திகைத்தவர்கள் கன்ட்ரோல், ஆல்ட், டிலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் திரையின் மூலையில் பவர் குறி இருக்கும். அதிலிருந்து மறுதொடக்கம் செய்யலாம்.

"சார், நாலை அழுத்துகிறேன், ஒன்றுமே நடக்கவில்லை" என்று ஒரு மாணவன் என்னை அழைத்தான். அவன் அழுத்தியது வலப்பக்க எண் தொகுதியில் உள்ள நான்கை. நம்லாக் அணைந்திருந்தால் அது எண்ணாகவே போகாது. எழுத்துகளுக்கு மேல் வரிசையில் உள்ள எண்களையே பயன்படுத்துங்கள். எஃப்4, எஃப்5 விசைகளும் வேலை செய்யும். ஆனால் பல மடிக்கணினிகளில் அவற்றுக்கு எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

சரியாக உள்ளே போய்விட்டீர்கள் என்பதற்கு அடையாளம்: பின்னணி கறுப்பாகி, திரையின் நான்கு மூலைகளிலும் சேஃப் மோட் என்ற சொல் இருக்கும். எழுத்துகள் பெரிதாகத் தெரியலாம். ஒலி வராது, அச்சுப்பொறி இயங்காது, தொடக்கத்தில் தானாக இயங்கும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளும் வந்திருக்காது. எதுவும் கெட்டுவிடவில்லை. அவற்றை வெளியே நிறுத்துவதற்காகத்தான் நாம் இங்கே வந்திருக்கிறோம்.

5. விண்டோஸ் திறக்கவே இல்லை என்றால்

மின்வெட்டு தற்செயலாகச் செய்வதை இப்போது நாமே வேண்டுமென்று செய்யப்போகிறோம்.

கணினியைத் தொடக்குங்கள். சின்னமும் சுழலும் புள்ளிகளும் வந்ததும் பவர் பொத்தானைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். மறுபடி தொடக்குங்கள், மறுபடி அதேபோல் அணையுங்கள். மூன்றாம் முறை தொடக்கியதும் தொடாமல் விட்டுவிடுங்கள். தானாகவே பழுதுபார்க்கத் தயாராகும் செய்தியும், அதன் பிறகு நீலத் திரையும் வரும். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாக மூன்றாம் பகுதியில் சொன்ன அதே வரிசையில் போகலாம்.

கணினி 'புதுப்பிப்புகள் நிறுவப்படுகின்றன' என்று விழுக்காடு காட்டிக்கொண்டிருக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள். அப்போது அணைத்தால் பாதி எழுதிய கோப்புகளோடு விண்டோஸ் உண்மையாகவே உடையும். பழைய இயந்திரங்களில் அது ஒரு மணி நேரத்துக்கு மேலும் எடுக்கும். பொறுத்திருங்கள்.

விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினி என்றால் இவ்வளவும் வேண்டாம். தொடக்கியதும் விண்டோஸ் சின்னம் வருவதற்கு முன் எஃப்8 விசையை விட்டுவிட்டு அழுத்தினால் பட்டியல் வந்துவிடும்.

6. எம்எஸ்கான்ஃபிக் வழி: பயனும் பொறியும்

ஒரு டிரைவரை நீக்கிவிட்டு மறுதொடக்கம், பிறகு இன்னொன்றை நீக்கிவிட்டு மறுதொடக்கம் என்று பல தடவை சேஃப் மோடுக்கு வர வேண்டியிருந்தால் ஷிஃப்ட் வழி சலிப்பூட்டும். அப்போது மட்டும் இது.

விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்துங்கள். வரும் பெட்டியில் எம், எஸ், சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு எழுத்துகளையும் இடைவெளியின்றித் தட்டி என்டர் கொடுங்கள். 'பூட்' தாவலுக்குப் போங்கள். கீழே 'சேஃப் பூட்' என்ற பெட்டியில் குறியிட்டு, 'மினிமல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இணையம் வேண்டுமென்றால் 'நெட்வொர்க்'. அதே இடத்தில் உள்ள 'ஆக்டிவ் டைரக்டரி ரிப்பேர்' வீட்டுக் கணினிகளுக்கு உரியது அல்ல. 'ஓகே' கொடுத்து மறுதொடக்கம் செய்யுங்கள்.

அருகில் 'மேக் ஆல் பூட் செட்டிங்ஸ் பெர்மனென்ட்' என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் குறியிடவே கூடாது.

பொறி எங்கே என்றால், இந்தக் குறியை நீங்களே எடுக்கும்வரை கணினி ஒவ்வொரு முறையும் சேஃப் மோடிலேயே எழும். நூறு தடவை அணைத்துப் போட்டாலும் அப்படித்தான். கடவுச்சொல்லை மறந்துவிட்டு, பின் எண்ணும் அங்கே வேலை செய்யாமல் போனால், குறியை எடுக்க உள்ளேயும் போக முடியாது. இரண்டாம் பகுதியில் சொன்ன கடவுச்சொல் சோதனையைச் செய்யாதவர்கள் இந்தப் பெட்டியைத் தொடவே வேண்டாம் என்று என் வகுப்பில் கண்டிப்பாகச் சொல்கிறேன். இங்கும் அதையே சொல்கிறேன்.

7. உள்ளே போனதும் எந்த வரிசையில் வேலை செய்வது

முதல் பதினைந்து நிமிடம் எதையும் மாற்றாமல் கணினியைப் பாருங்கள். இங்கே நன்றாக இயங்கினால், குற்றவாளி வெளியே நிறுத்தப்பட்ட ஒரு டிரைவர் அல்லது மென்பொருள். இங்கும் உறைந்தாலோ பிழைத் திரை வந்தாலோ, வன்பொருளிலோ விண்டோஸின் சொந்தக் கோப்புகளிலோ பழுது இருக்கலாம். இந்த ஒரு தகவல் கிடைப்பதற்காகவே சேஃப் மோடுக்கு வருவது பயன்தான். பலர் வந்தவுடன் கண்டதையெல்லாம் நீக்கத் தொடங்கி, எது காரணம் என்று கடைசிவரை தெரியாமலே போகிறார்கள்.

அடுத்து, முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவுக்கு எடுங்கள். சேஃப் மோடில் பென் டிரைவ் இயங்கும். மாணவர்களின் ஒப்படைகள், ஆசிரியர்களின் புள்ளிப் பட்டியல்கள், பிறப்புச் சான்றிதழின் ஸ்கேன் பிரதிகள் எல்லாம் பெரும்பாலும் டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும்தான் கிடக்கும். பழுதுபார்ப்பதற்கு முன் இவற்றை எடுப்பதற்குக் காரணம், இனி நாம் செய்யும் ஒவ்வொன்றும் எதையாவது மாற்றும். மாற்றம் தவறினால் கோப்பாவது மிஞ்ச வேண்டும்.

பிறகுதான் சந்தேகத்துக்குரியதைத் தொட வேண்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். 'ஸ்டார்ட்அப்' பகுதியில் உங்களுக்குத் தெரியாததையும் அண்மையில் வந்ததையும் 'டிசேபிள்' செய்யுங்கள். இது நீக்குவதல்ல, நிறுத்தி வைப்பது. தவறென்றால் மறுபடி இயக்கலாம்.

கோளாறு ஒரு டிரைவரைப் புதுப்பித்த பிறகு வந்தது என்றால் 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, அந்தச் சாதனத்தின் 'பிராப்பர்ட்டீஸ்', அதற்குள் 'டிரைவர்' தாவல், அதில் 'ரோல் பேக் டிரைவர்'. திரை மினுங்குவது, கறுத்துப்போவது போன்றவற்றுக்கு டிஸ்ப்ளே டிரைவரையே முதலில் சந்தேகப்படுங்கள்.

மென்பொருளை இங்கேயே நீக்க முயலும்போது, விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவையை அணுக முடியவில்லை என்று ஒரு செய்தி வரலாம். சேஃப் மோடில் அந்தச் சேவை இயங்குவதில்லை, அவ்வளவுதான். தொடக்கத்தில் அந்த மென்பொருள் இயங்காதபடி நிறுத்திவிட்டு, வழமையான விண்டோஸுக்குத் திரும்பிய பின் நீக்குங்கள்.

கோளாறு விண்டோஸ் புதுப்பிப்போடு வந்தது என்றால் நீலத் திரையின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பக்கத்திலேயே 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' இருக்கிறது. அது இதைவிட நேரான வழி. எதுவும் பலிக்காவிட்டால் 'சிஸ்டம் ரிஸ்டோர்' மூலம் கோளாறுக்கு முந்தைய நாளுக்குத் திரும்பலாம். மீட்புப் புள்ளி முன்பே உருவாகியிருந்தால்தான் அது முடியும். அது ஓடும்போது மின்சாரம் போகக் கூடாது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். செய்தபின் வழமையாகத் தொடக்கிப் பாருங்கள்.

8. வெளியே வருவதும், சிக்கிக்கொண்டால் மீள்வதும்

ஷிஃப்ட் வழியில் வந்திருந்தால் சாதாரணமாக 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் போதும்.

எம்எஸ்கான்ஃபிக் வழியில் வந்திருந்தால், அதே பெட்டியைத் திறந்து 'சேஃப் பூட்' குறியை எடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். வேலை முடிந்தவுடனேயே எடுங்கள், நாளைக்கென்று வைக்காதீர்கள்.

குறியை எடுக்காமலே கடவுச்சொல் திரையில் சிக்கிக்கொண்டீர்களா? விண்டோஸை அழிக்கத் தேவையில்லை. உள்நுழைவுத் திரையின் பவர் குறியில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். நீலத் திரையில் 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'கமாண்ட் பிராம்ட்' என்று போங்கள். பிட்லாக்கர் சாவி கேட்டு, அது கையில் இல்லாவிட்டால் 'ஸ்கிப் திஸ் டிரைவ்' என்பதை அழுத்துங்கள். நாம் மாற்றப்போவது தொடக்க அமைப்பை. அது குறியாக்கம் செய்த வட்டில் இல்லை.

கறுப்புச் சாளரத்தில் ஒரே வரியில், ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இந்த வரிசையில் தட்டுங்கள்: பி, சி, டி ஆகிய மூன்று எழுத்துகளுடன் 'எடிட்' என்ற சொல் ஒட்டி, பிறகு ஓர் இடைவெளி, வலப்புறம் சாயும் சாய்கோடு, அதோடு ஒட்டி 'டெலிட்', 'வேல்யூ' என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து, பிறகு ஓர் இடைவெளி, நெளிவு அடைப்புக்குள் 'டிஃபால்ட்', பிறகு ஓர் இடைவெளி, கடைசியாக 'சேஃப்', 'பூட்' இரண்டும் சேர்ந்து. என்டர். செயல் வெற்றிகரமாக முடிந்தது என்ற ஆங்கில வரி வந்தால் சாளரத்தை மூடி 'கன்டினியூ' கொடுங்கள்.

உறுப்பு காணப்படவில்லை என்று சொன்னால், முதலில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். பிழை இல்லை என்றால் சேஃப் பூட் குறி அங்கே இல்லவே இல்லை என்று பொருள். உங்கள் சிக்கலுக்குக் காரணம் வேறு.

இந்த வரியை அந்த 48 இலக்கத் தாளின் பின்புறம் ஆங்கிலத்தில் எழுதி வையுங்கள். சிக்கிய நேரத்தில் கணினியில் தேடிப் பார்க்க முடியாது.

9. பல கணினிகளைப் பராமரிப்பவர்களுக்கு: எஃப்8 பட்டியலை மீட்பது

பாடசாலைக் கணினி அறை, தோட்டத்து வாசிகசாலை போன்ற இடங்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு மட்டும் இது. விண்டோஸ் 8 முதல் எஃப்8 பட்டியல் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. அதை மீட்டால், திறக்காத கணினியை இரண்டு முறை வலிந்து அணைக்கும் வேலை மிச்சம்.

ஸ்டார்ட் பட்டியலில் கமாண்ட் பிராம்ட்டைத் தேடி, வலது சொடுக்கில் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறங்கள். கட்டளையின் தொடக்கச் சொல் எட்டாம் பகுதியில் உள்ளதே. அதன் பிறகு சாய்கோட்டோடு 'செட்', இடைவெளி, நெளிவு அடைப்புக்குள் 'டிஃபால்ட்', இடைவெளி, 'பூட்', 'மெனு', 'பாலிசி' மூன்றும் ஒரே சொல்லாக, இடைவெளி, 'லெகசி'. பழையபடி மாற்ற வேண்டுமென்றால் 'லெகசி' இருந்த இடத்தில் 'ஸ்டாண்டர்ட்' என்று தட்டினால் போதும்.

விண்டோஸ் 11இல் டெர்மினல் என்பதைத் திறந்தால் பெரும்பாலும் பவர்ஷெல்தான் வரும். அது நெளிவு அடைப்பை வேறு பொருளில் எடுத்துக்கொண்டு பிழை காட்டும். கட்டளை சரியாக இருந்தும் பிழை வந்தால், நீங்கள் எந்தச் சாளரத்தில் நிற்கிறீர்கள் என்று மேலே தலைப்பைப் பாருங்கள்.